ஆயில் கிணற்றின் கணக்கு ஊருக்கும் தெரிய வேண்டும்

1994 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். பெட்ரோலியப் பொறியியலில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வருஷம். நரிமணத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பனங்குடி சுத்திகரிப்பு ஆலை முந்தைய ஆண்டுதான் ஓட ஆரம்பித்திருந்தது. ராத்திரியில் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே வானத்தின் அடிவிளிம்பில் ஒரு செம்மை தெரியும். கிணற்றில் எண்ணெயோடு வரும் வாயுவை எரித்துவிடுகிற தீ அது. எங்கள் வீட்டில் அதைக் 'கம்பெனி வெளக்கு' என்போம்.

எதிர்வீட்டுப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாலு மா நிலம், ஒரு பம்புசெட், அவ்வளவுதான் அவர் சொத்து. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீதான் இதப் படிக்கிறியாமே. அடியில இருக்கறத உறிஞ்சி எடுத்துக்கிட்டே இருந்தா மேல இருக்கறது எறங்கிடாதா?"

நான் சிரித்தேன். "ஏரி மாதிரி தேங்கிக் கெடக்கறதில்ல பெரியப்பா. செங்கல்லுக்குள்ள தண்ணி ஊறியிருக்கிற மாதிரி பாறைக்குள்ள ஊறிக் கெடக்கு. தண்ணி காஞ்சா செங்கல் சுருங்கிடுமா?" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி என் அலமாரியில் இருந்த பாடப்புத்தகத்திலேயே இருந்தது.

இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஒரு மணற்பாறை அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமேல் ஏறக்குறைய 450 பார் பாரம் இருக்கிறது. லாரி டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். இந்தப் பாரத்தை மணல்துகள்கள் மட்டும் சுமப்பதில்லை. துகள்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் எண்ணெயும் நீரும் வாயுவும் தங்கள் அழுத்தத்தால் கூடவே தோள் கொடுக்கின்றன. எண்ணெயை எடுக்க எடுக்க அந்த அழுத்தம் இறங்கும். அது விட்ட பாரம் துகள்களின் மேல் விழும். துகள்கள் நெருங்கும், அடுக்கு மெலியும், மேலே தரை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது அடுக்கின் தடிமன், பாறையின் உறுதி, அழுத்தம் குறைந்த அளவு, தேக்கத்தின் அகலம் எல்லாவற்றையும் பொறுத்தது. பல வயல்களில் கருவி வைத்தாலும் பிடிபடாத அளவுக்குத்தான் இருக்கும். கலிபோர்னியாவில் லாங் பீச் துறைமுகத்தின் அடியில் உள்ள வில்மிங்டன் வயலில் 29 அடி இறங்கியது. துறைமுகத்தைக் கடல் விழுங்காமல் இருக்கக் கரை எழுப்பினார்கள். 1950களின் இறுதியில் பெரிய அளவில் நீரை உள்ளே செலுத்தி அழுத்தத்தை மீட்ட பிறகுதான் அது நின்றது. நான் படித்த காலத்தில் வில்மிங்டன் ஒரு தேர்வுக் கேள்வி. ஐந்து மதிப்பெண்.

அப்படியிருந்தும் பெரியப்பாவிடம் செங்கல் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் காரணம் புரிகிறது. எங்கள் படிப்பில் கேள்விகள் ஒரே திசையில்தான் போகும். அடியில் எவ்வளவு இருக்கிறது? அதில் எவ்வளவை எடுக்க முடியும்? என்ன செலவாகும்? மேலே நிற்கிற மனிதர் அந்தக் கணக்கில் எங்குமே வரமாட்டார். அவர் கேள்வி கேட்டால் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே அது எனக்குள் வந்துவிட்டிருந்தது.

2014இல் ஓராண்டு ஆய்வுக்காக நெதர்லாந்து போனேன். அங்கே குரோனிங்கன் என்று வடக்கே ஒரு மாநிலம். 1959இல் ஸ்லோக்டரன் என்ற கிராமத்தில் ஒரு கிணறு தோண்டியபோது அகப்பட்ட எரிவாயு வயல், ஐரோப்பாவின் மிகப்பெரிய வயல்களில் ஒன்றாக மாறியது. ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்பு, மூன்று கிலோமீட்டர் ஆழம். தொடக்கத்தில் 340 பாருக்கு மேல் இருந்த அழுத்தம் நான் போன சமயத்தில் 100க்குக் கீழே வந்திருந்தது. அரை நூற்றாண்டு அந்த நாட்டின் அடுப்பும் கணப்பும் அதில்தான் எரிந்தன. பள்ளிக்கூடமும் சாலையும் ஓய்வூதியமும் அந்தப் பணத்தில் நடந்தன.

தரை இறங்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். 1983இல் மாநில அரசும் வாயு எடுக்கும் நிறுவனமும் ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. தரை இறங்குவதால் கால்வாய்க்கும் கரைக்கும் நீரிறைப்புக்கும் ஆகிற செலவை நிறுவனம் கொடுக்கும் என்று ஏற்பாடு. கடல்மட்டத்துக்குக் கீழே வாழப் பழகிய ஜனங்கள் என்பதால் இறங்கும் தரையை எப்படிச் சமாளிப்பது என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. நிறுவனத்தார் ஏற்க மறுத்தது நிலநடுக்கத்தை. 1986 டிசம்பரில் ஆசன் என்ற ஊரில் தரை அதிர்ந்தது. மேன்ட் வான் டெர் ஸ்லாய்ஸ் என்கிற புவியியலாளர் வாயு எடுப்பதற்கும் இந்த அதிர்வுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். துறைக்கு வெளியே இருந்து பேசுகிற ஆள் என்று அவரைக் கேலி செய்தார்கள். தொடர்பு உண்டு என்று ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டது 1993இல்.

2012 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹாய்ஸிங்க கிராமத்தில் 3.6 அளவுக்கு நடுங்கியது. எண்ணைப் பார்த்தால் சின்னதாகத்தான் தோன்றும். ஆனால் இயற்கை நிலநடுக்கங்களில் பலவும் பத்து கிலோமீட்டர் ஆழத்திலோ அதற்கும் கீழேயோ பிறப்பவை. இது பிறந்ததோ மூன்றே கிலோமீட்டரில். மேலே இளகிய களிமண். அதன்மேல் இரும்புக்கட்டு எதுவும் இல்லாத பழைய செங்கல் வீடுகள். உற்பத்தியை முடிந்தவரை சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று 2013 ஜனவரியில் கண்காணிப்பு அமைப்பு அறிவுரை சொன்னது. அந்த 2013இல் எடுத்தது ஏறக்குறைய 5,400 கோடி கன மீட்டர். முந்தைய பல ஆண்டுகளைவிட அதிகம்.

லோப்பர்சும் என்ற ஊருக்கு ஒரு சக ஆய்வாளர் என்னைக் கூட்டிப் போனார். இரண்டு நூற்றாண்டு பழைய பண்ணை வீடுகளுக்குப் பக்கத்தில் சாய்வாக மரத்தூண்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நம் ஊரில் வாழைக்குக் குலை தள்ளியதும் கழி கொடுப்போமே, அப்படி. ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் காபி கொடுத்தார். படுக்கையறைச் சுவரில் விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி எழுதியிருந்தார். பத்துப் பன்னிரண்டு தேதிகள். நான் இந்தத் துறையில் பேராசிரியர் என்று நண்பர் அறிமுகம் செய்ததும் அந்த அம்மா கேட்டார்: "உங்களுக்கெல்லாம் தெரியும்தானே? ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

இருபது வருஷத்துக்கு முந்தைய எங்கள் ஊர்த் திண்ணை அந்தச் சமையலறைக்குள் வந்து நின்றது. பெரியப்பா அதற்குள் காலமாகியிருந்தார்.

குரோனிங்கனில் வாயு எடுப்பது 2023 அக்டோபரில் நின்றது. கிணறுகளை நிரந்தரமாக மூடச் சட்டம் 2024இல் வந்தது. 2023 பிப்ரவரியில் வெளியான நாடாளுமன்ற விசாரணை அறிக்கை, குரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று வெளிப்படையாகவே சொன்னது. அடியில் வாயு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை எடுக்க முடியாதபடி செய்தது தீர்ந்துபோன நம்பிக்கை.

இதை ஏன் காவிரிப் படுகையைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்? நரிமணமும் குத்தாலமும் குரோனிங்கன் ஆகிவிடும் என்று பயமுறுத்த அல்ல. என் தொழில் அறிவை வைத்து நேராகச் சொல்கிறேன்: நம் படுகையில் இருப்பவை பிளவுகளால் துண்டுதுண்டான சிறிய தேக்கங்கள். குரோனிங்கனின் பரப்போடும் தடிமனோடும் ஒப்பிடவே முடியாது. எண்ணெய் எடுப்பதால் நம் தரை இறங்குகிறது என்றால் அது மிகச் சிறிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆழ்குழாயில் நிலத்தடி நீரை இறைப்பதும், 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து வண்டல் அங்கேயே தங்கிப்போவதும் டெல்டாவை இதைவிடக் கூடுதலாகப் பாதிக்கும் என்பது என் எண்ணம். எண்ணெய்க் கிணற்றில் எனக்கு உள்ள கவலை வேறு. வயலுக்குக் கீழே போகும் குழாய் துருப்பிடித்துக் கசிவது. உறைக்குழாயைச் சுற்றிப் போட்ட சிமென்ட் வருஷங்கள் போய்ப் பிளவுபட்டு, ஆழத்து உப்புநீர் குடிநீர் அடுக்குக்கு ஏறுவது. உற்பத்தி நின்றுபோன கிணறுகளை எப்படி அடைத்தார்கள் என்பது.

ஆனால் பாருங்கள், மேலே உள்ள பத்தியில் எத்தனை 'நினைக்கிறேன்', எத்தனை 'எண்ணம்'. முப்பது வருஷம் இதையே படித்து, இதையே கற்பித்த ஒருத்தி, தன் சொந்த ஊரின் தரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது அல்லது இறங்கவில்லை என்று ஊராருக்கு எடுத்துக் காட்ட ஒரு அளவீடு கையில் இல்லாமல் நிற்கிறேன். கேட்டுப் பார்த்திருக்கிறேன். கடிதம் எழுதியிருக்கிறேன். வணிக ரகசியம் என்ற பதில் ஒருமுறை வந்தது. மற்ற நேரம் பதிலே வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு மாணவி முதுநிலைப் படிப்புக்கு வந்தாள். திருவாரூர்ப் பக்கத்துப் பெண். ஒரு கிணற்றின் அழுத்தப் பதிவுகளை வைத்து ஆய்வேடு. தரவு கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனைப்படி கிணற்றின் பெயர், ஊர், ஆழம், ஆண்டு எதையும் எழுதக்கூடாது. ஆய்வேட்டில் அது 'கிணறு அ' என்று மட்டும் வரும். இந்தத் துறையில் இது வழக்கம்தான், நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படங்களையும் ஆயத்தொலைவுகளையும் அழித்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், இந்தக் கெணறு எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கு. இடைவேளையில அந்த வேலிகிட்டதான் நின்னு சாப்பிடுவோம்." தன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கிணற்றின் பெயரைத் தன் ஆய்வேட்டில் எழுத அந்தப் பெண்ணுக்கு அனுமதி இல்லை.

இன்று என் மாணவர்கள் எதை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள் தெரியுமா? நார்வே நாட்டுக் கடலில் இருந்த வோல்வே என்கிற வயலின் கோப்புகளை வைத்து. 2008 முதல் 2016 வரை எண்ணெய் எடுத்து, முடித்து மூடிய வயல். அதன் கிணற்றுப் பதிவுகள், நிலநடுக்க அலைப் படங்கள், அன்றாட உற்பத்திக் கணக்கு என்று சுமார் 40,000 கோப்புகளை ஈக்வினார் நிறுவனம் 2018இல் உலகத்துக்கே திறந்து வைத்தது. நார்வேயில் கிணற்றுத் தரவு பொதுவாக இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடும். நெதர்லாந்தில் ஐந்து வருஷம். அதனால்தான் குரோனிங்கன் மக்கள் கடைசியில் சொந்தமாக நிபுணர்களை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. நன்னிலத்துப் பையன் வடகடலின் மணற்பாறையை மனப்பாடமாகச் சொல்வான். காவிரிப் படுகையின் புவனகிரி மணற்பாறையைப் பற்றிக் கேட்டால் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு பத்திதான் அவனுக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் 2017இல் தேசிய தரவுக் களஞ்சியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல காரியம், அதை மதிக்கிறேன். ஆனால் அது எண்ணெய் தேட ஏலம் கேட்டு வருகிறவர்களை முன்னிறுத்திக் கட்டிய வீடு. அதன் வாசலில் ஊராட்சித் தலைவர் ஒருவர் போய் நின்று, எங்கள் ஊர்க் கிணற்றை என்ன சிமென்ட் போட்டு அடைத்தீர்கள் என்று கேட்டு விவரம் வாங்கிவிட முடியாது.

2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்தது. அதே வருஷம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடுத்துத் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டது. அந்தச் சமயங்களில் என் துறையைச் சேர்ந்தவர்கள் பலர் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஒரே தொனியில் இருந்தது: மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, யாரோ கிளப்பி விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெடுவாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் பொறியியல் கேள்விகள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், கழிவுநீர் எங்கே போகும், கிணறு முடிந்த பிறகு யார் பொறுப்பு? இவை எங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் இருக்க வேண்டிய கேள்விகள். அந்தப் பந்தலுக்குப் போய் அவர்களுக்குத் தமிழில், எண்களோடு, இது தெரியும் இது தெரியாது என்று பிரித்துச் சொல்ல எங்களில் எத்தனை பேர் முன்வந்தோம்? நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

போகாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வில் எது கணக்கில் வருகிறதோ அதற்குத்தான் நேரம் போகும். ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வந்தால் புள்ளி உண்டு. நிறுவனத்திடமிருந்து ஆலோசனைப் பணி கொண்டுவந்தால் புள்ளி உண்டு. ஊராட்சி மன்றத்தில் இரண்டு மணி நேரம் நின்று உறைக்குழாய் என்றால் என்ன என்று படம் வரைந்து விளக்கினால் எதுவும் இல்லை. ஆலோசனைப் பணத்தில்தான் எங்கள் ஆய்வகத்தின் பாதிக் கருவிகள் வந்தன. பணம் தந்தவர்கள் யாரும் என்னை மிரட்டியதில்லை. அதற்கான தேவையே வரவில்லை. எதைக் கேட்டால் அடுத்த திட்டம் வராது என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் விலை இருக்கிறது, அதை என் துறையே கொடுக்கப்போகிறது. ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு மாணவர்கள் கேட்கிறார்கள்: "மேடம், இந்தப் படிப்புக்கு எதிர்காலம் இருக்கா?" 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன அன்று என் தொலைபேசி ஓயவில்லை. நான் அவர்களிடம் சொல்வது இதுதான். எண்ணெய் குறையலாம். நிலத்தடி அறிவு குறையக்கூடாது. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996இல் தொடங்கிப் பல காலம் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தினார்கள். விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் பாதூரிலும் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் செய்திருக்கிறோம், சுற்றிலும் உள்ள நிலத்தடி நீரின் அழுத்தமே அதைக் கசியவிடாமல் காக்கிறது. பூமியின் வெப்பத்தை எடுக்கவும், ஹைட்ரஜனைச் சேமிக்கவும், பழைய கிணறுகளைச் சரியாக அடைக்கவும் பாறையைப் படித்தவர்கள்தான் வேண்டும்.

ஆனால் இவை எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக்கு அடியில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் பாரென்ட்ரெக்ட் என்ற ஊரின் கீழே காலியான வாயு வயலில் கரியமில வாயுவைச் சேமிக்கத் திட்டம் போட்டார்கள். ஊர் எதிர்த்தது. 2010இல் திட்டம் கைவிடப்பட்டது. தொழில்நுட்பத்தில் பெரிய குறை இருந்ததாக நான் கருதவில்லை. முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல வந்தார்கள், கேட்பார் இல்லை. தென்கொரியாவின் போஹாங்கில் பூமி வெப்பத் திட்டத்துக்காக நீரைச் செலுத்தியது 2017இல் 5.5 அளவு நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று ஆய்வுக் குழு 2019இல் சொன்னது. நல்ல நோக்கத்துக்குத் தோண்டினாலும் பாறை பாறைதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. டெல்டாவில் இருக்கிற ஒவ்வொரு எண்ணெய்க் கிணற்றுக்கும், ஓடுவதோ மூடியதோ, ஒரு பக்கத்தில் அடங்கும் தமிழ்க் குறிப்பு அந்த ஊராட்சி அலுவலகத்தில் தொங்க வேண்டும். எப்போது தோண்டியது, எவ்வளவு ஆழம், குடிநீர் அடுக்கு எந்த ஆழத்தில் முடிகிறது, அதைக் கடந்து உறைக்குழாயும் சிமென்ட்டும் எதுவரை இருக்கின்றன, மூடியிருந்தால் எப்படி மூடியது. இதில் வணிக ரகசியம் எதுவும் கிடையாது. பக்கத்துக் கைப்பம்புத் தண்ணீரை வருஷம் இரண்டு முறை, ஆடிக்கு முன்னும் தைக்குப் பின்னும், சோதித்த முடிவும் அதன் கீழே வர வேண்டும். தரைமட்ட அளவீட்டை நிறுவனத்திடம் விடாமல், நிறுவனப் பணம் வாங்காத ஒரு அரசுப் பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டும். ரகசிய நிபந்தனை போட்டுத் தரவு தந்தால் ஐந்து வருஷத்துக்கு மேல் அது செல்லாது என்று பல்கலைக்கழகங்கள் தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். விவரத்தை வெளியிட்டால் எதிர்ப்பாளர்கள் திரித்துப் பேசுவார்கள் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். திரிக்கட்டும். எண் முன்னால் இருந்தால் திரித்ததைக் காட்டலாம். இப்போது எங்கள் பக்கமும் எண் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை.

போன தை மாதம் இரண்டு மாணவர்களோடு ஊருக்குப் போனேன். கிளை நூலகத் தாழ்வாரத்தின் சிமென்ட் தரையில் துளையிட்டு ஒரு பித்தளைக் குமிழ் பதித்தோம். அதன்மேல் முக்காலி வைத்து, செயற்கைக்கோள் அலைவாங்கியை நிறுத்தி, மூன்று நாள் இரவும் பகலும் ஓடவிட்டோம். என் சொந்தப் பணம், கல்லூரியின் பழைய கருவி. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பெரியப்பாவின் மருமகளும் இருந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்லுது, எறங்கியிருக்கா?"

"ஒரு தடவ அளந்தா ஒண்ணும் சொல்லாதும்மா. அடுத்த தை, அதுக்கடுத்த தைன்னு அஞ்சு வருஷமாச்சும் அளக்கணும். அப்பதான் சொல்ல முடியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் எனக்குத் தெரியாதும்மா" என்றேன். முதல் அளவீட்டை ஒரு அட்டையில் தமிழில் எழுதி, செய்தித்தாள் மேசைக்கு மேலே நூலகர் ஒட்டினார். கீழே நான்கு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. எனக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. மூன்றாவது கட்டத்திலிருந்து அந்த மாணவி வந்து நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணறு இருந்த அந்தப் பெண்.